விடுதி வைஃபையில் ஆளைத் துண்டிக்க முடியவில்லை, அவசரம்

துவாஸ்_இரவுப்பணி:
வணக்கம். ஊழியர் விடுதி ஒன்றில் வைஃபை பார்த்துக்கொள்கிறேன். ஒரு கணக்குக்கு ஒரு போன்தான். ஒருவரைத் துண்டிக்கச் சர்வரிலிருந்து டிஸ்கனெக்ட் அனுப்பினால் ஒன்றும் நடப்பதில்லை. டேட்டாபேஸில் அவருடைய இணைப்புப் பதிவு வரியை அழித்தும் பார்த்துவிட்டேன், ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அதே சமயம், போனையே திறக்காத சிலருக்கு 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்று வருகிறது. காலையில் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். உதவுங்கள்.

கம்பிக்காரன்:
என்ன கருவி (ரவுட்டர்)? என்ன சர்வர்? லாகின் பக்கம் வரும் ஹாட்ஸ்பாட்டா, டயல் செய்து இணையும் பிபிபிஓஇ-யா? என்ன கட்டளை அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது?

தெம்பனிஸ்_வாசி:
கரண்ட் போனதா? என் அனுபவத்தில் எப்போதும் அதுதான் காரணம். கருவி சட்டென்று அணைந்தால் ஸ்டாப் செய்தி (இணைப்பு முடிந்தது என்று சர்வருக்குச் சொல்வது) போகாது. சர்வர் கணக்கில் அந்த செஷன் (ஒருவர் நுழைந்து வெளியேறும்வரையான இணைப்பு) முடிவு நேரம் இல்லாமல் திறந்தே கிடக்கும். ஆளுக்கு ஒன்று என்று வைத்திருந்தால் அவர் மறுபடி நுழைய முடியாது. இன்டரிம் அப்டேட்டை (ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று கருவி இடையிடையே சொல்வது) 10 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்து, அரை மணி நேரமாக அசையாத வரிகளை மூடிவிடுங்கள்.

பழைய_ரேடியஸ்:
வரியை அழித்தாராம். அடிப்படை தெரியாமல் ஏன் தம்பி இதில் கை வைக்கிறீர்கள்? அது கணக்குப் புத்தகம். அதில் கோடு கிழித்தால் கடைக்குள் நிற்கிற ஆள் வெளியே போய்விடுவாரா? செஷன் இருப்பது கருவியில். ரேடியஸ் (யாரை உள்ளே விடுவது என்று பார்த்துக் கணக்கும் வைக்கும் நெறிமுறை) வழியாகத் துண்டிப்பதற்கான ஆவணம், ஆர்எஃப்சி 5176, வந்தது 2008-இல். படித்துவிட்டு வாருங்கள்.

கம்பிக்காரன்:
படிக்கட்டும் அண்ணே, ஆனால் அவருக்கு விடிவதற்குள் வேலை ஆக வேண்டும்.

துவாஸ்_இரவுப்பணி:
மைக்ரோடிக் ரவுட்டர், ஹாட்ஸ்பாட். சர்வரில் ஃப்ரீரேடியஸ் மென்பொருள். ரேட்கிளையன்ட் கட்டளையில் போர்ட் 1700-க்கு அனுப்பினேன், பதிலே இல்லை. போன வாரம் கரண்ட் போனது உண்மைதான்.

கம்பிக்காரன்:
பதில் வராதது வேறு, மறுப்பு வருவது வேறு. பதிலே இல்லையென்றால் முதலில் போர்ட், முகவரி, சீக்ரெட் (சர்வருக்கும் கருவிக்கும் பொதுவான ரகசியச் சொல்) மூன்றையும் பாருங்கள். 1700 சிஸ்கோ பழக்கம். மைக்ரோடிக்கில் யுடிபி 3799. அங்கே ரேடியஸ் இன்கமிங் (சர்வர் அனுப்பும் கோரிக்கையை ஏற்கும் வழி) மூடியே வரும், அக்செப்ட்டை 'யெஸ்' ஆக்குங்கள். கருவியில் எந்த முகவரியை ரேடியஸ் என்று பதிந்தீர்களோ, கோரிக்கையும் அதிலிருந்தே போக வேண்டும். சர்வருக்கு இரண்டு முகவரி இருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். சீக்ரெட் தப்பாக இருந்தால் கருவி மறுப்புகூடச் சொல்லாது.

நேக் (மறுப்பு) வந்தால் நல்ல செய்தி, கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எரர்-காஸ் (காரண எண்) 503 இருந்தால் அந்த செஷன் கருவியில் இல்லை என்று பொருள். அந்த வரிகளைத்தான் டேட்டாபேஸில் மூட வேண்டும், அதுவும் அழிக்காமல் முடிவு நேரம் போட்டு. இன்னொன்று, பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். செஷன் ஐடியையும் ஐபியையும் கருவியில் இப்போது தெரிகிறபடியே சேர்த்து அனுப்புங்கள்.

இரவு_அழைப்பு:
எனக்கு இந்த நுட்பம் தெரியாது. நானும் ஒரு விடுதியில் தங்கியிருப்பவன். இரவு 10 மணிக்கு மட்டும் யாரையும் துண்டிக்காதீர்கள் அண்ணே. ஊரில் அப்போது 7.30. என் மகள் சாப்பிட உட்காரும் நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாள் முழுக்க உழைக்கிறேன்.

பழைய_ரேடியஸ்:
இது தொழில்நுட்ப இழை. ஒரு கணக்கை நாலு பேர் பகிர்ந்தால் மற்றவர்களுக்கு வேகம் எங்கிருந்து வரும்?

இரவு_அழைப்பு:
ஆசைக்குப் பகிரவில்லை. புதிதாக வந்தவருக்குக் கணக்குக் கிடைக்கும்வரை அவரும் வீட்டில் பேச வேண்டாமா?

தெம்பனிஸ்_வாசி:
துண்டிப்பதற்குப் பதில் கோஏ (நடக்கிற செஷனின் அமைப்பை மாற்றும் கோரிக்கை) அனுப்பலாமே? செஷன் அறுபடாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். அதற்கும் அதே 3799-தான்.

பழைய_ரேடியஸ்:
அது சரியான யோசனை. ஒப்புக்கொள்கிறேன்.

துவாஸ்_இரவுப்பணி:
அக்செப்ட் 'யெஸ்', 3799. ஏசிகே (ஒப்புதல்) வந்துவிட்டது! ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அதே ஆள் பாஸ்வேர்டு கேட்காமலே திரும்ப உள்ளே வந்துவிட்டார்.

பழைய_ரேடியஸ்:
மேக் குக்கி, அதாவது போனின் மேக் முகவரியை நினைவில் வைத்துத் தானாக உள்ளே விடுவது. ஹாட்ஸ்பாட் ப்ரொஃபைலில் லாகின் முறைகளைப் பாருங்கள், அது டிக் ஆகியிருக்கும். ஆளை அகற்றும்போது குக்கியையும் அகற்ற வேண்டும். ஒருவரை முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் முதலில் ரேடியஸில் கணக்கை முடக்குங்கள், அப்புறம் துண்டியுங்கள். வரிசையை மாற்றினால் இடைப்பட்ட நேரத்தில் திரும்ப நுழைந்துவிடுவார்.

துவாஸ்_இரவுப்பணி:
குக்கிதான். சரியாகிவிட்டது. திறந்து கிடந்த வரிகளையும் மூடிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, டியூட்டி முடிகிறது.

தெம்பனிஸ்_வாசி:
இன்டரிம் எத்தனை நிமிடம் வைத்தீர்கள்?

இரவு_அழைப்பு:
10 மணி விஷயத்துக்கு என்ன முடிவு அண்ணே?