டிரை சூட்டுக்கு உலர் கையுறை: மணிக்கட்டு சீலை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

கேள்வி: ஹ்யூரான்கரை (டொரண்டோ)

அனைவருக்கும் வணக்கம். ஹ்யூரான் ஏரிக்கரையிலுள்ள டோபர்மோரியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் உடம்பு நனையாமல் காக்கும் முக்குளிப்பு உடையான டிரை சூட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டேன். கோடையில் ஹ்யூரான் ஏரியின் மேல்நீர் இதமாகவே இருந்தாலும், வெப்பம் சட்டென்று மாறும் அடுக்கைத் தாண்டியதும் நீர் 4, 5 டிகிரி செல்சியஸுக்கு வந்துவிடுகிறது. கையில் 5 மி.மீ. நியோப்ரீன் கையுறை அணிகிறேன். உடம்பு கதகதப்பாக இருக்கும்போதே விரல்நுனிகள் மரத்துப்போகின்றன. சிறிது நேரத்தில் சூட்டுக்குள் காற்றை விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்துகிறேனா இல்லையா என்பதை விரலால் உணர முடியாமல், கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. 1884-இல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. இப்படிப்பட்ட விரல்களை வைத்துக்கொண்டு அங்கே இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே, நீர்புகா வெளியுறைக்குள் கம்பளி உள்ளுறை அணியும் உலர் கையுறைக்கு மாற முடிவுசெய்திருக்கிறேன். நான் விசாரித்த கடையில், மணிக்கட்டில் நீர் நுழையாமல் இறுக்கும் சூட்டின் லேட்டக்ஸ் சீலை வெட்டி எடுத்துவிட்டு, கையுறையைச் சூட்டோடு பூட்டும் வளையத்தை நேரே பொருத்திக்கொண்டால் காற்று தடையின்றிக் கைக்குப் போய்வரும், அணிவதும் சுலபம் என்றார்கள். என் பயிற்றுநரோ எக்காரணம் கொண்டும் சீலை எடுக்கக் கூடாது என்கிறார். இரண்டில் எது சரி? வளைய அமைப்புகளில் கூபி, எஸ்ஐ டெக் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: வடகடல் (பெர்கன், நார்வே)

வணக்கம் நண்பரே. உங்கள் பயிற்றுநர் சொல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. உலர் கையுறை என்றாவது ஒரு நாள் கட்டாயம் கிழியப்போகும் பொருள். கிழியாத கையுறையைத் தேடி அலைவதைவிட, கிழிந்த பிறகு என்ன ஆகும் என்று யோசித்து அமைப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சீல் உள்ளே இருந்தால் நனைவது கை மட்டும்தான். சீல் இல்லாவிட்டால் அதே ஓட்டை வழியாக நீர் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறி, உள்ளாடைகளை நனைத்துவிடும். 4 டிகிரி நீரில், அதுவும் 30 மீட்டரிலிருந்து படிப்படியாக நின்று ஏற வேண்டிய நிலையில், ஒரு கை நனைவதற்கும் உடம்பின் பாதி நனைவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீலை வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் சொன்னதில் உள்ள நியாயமும் அதுதான். கையுறைக்குள் அடைபட்ட காற்று, 30 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் இருந்ததில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சூட்டுக்குள் நாம் இன்ஃப்ளேட்டரால் காற்று சேர்த்துக்கொண்டே போனாலும், இடையில் சீல் இறுக்கமாக நிற்பதால் அந்தக் காற்று கைக்கு வருவதில்லை. வெளியுறை விரல்களோடு ஒட்டிச் சுருங்கி, தோலை மடித்துக் கிள்ளி, உள்ளே அணிந்திருக்கும் கம்பளி உள்ளுறையைத் தட்டையாக நசுக்கிவிடும். குளிரைத் தடுப்பது அந்த உள்ளுறையின் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றுதான். அது போய்விட்டால் கை காய்ந்திருந்தும் குளிரும். உலர் கையுறை வாங்கியும் கை குளிர்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்வது இதுவே.

இதற்குத் தீர்வு, சீலுக்கு அடியில் காற்றுக்கு ஒரு சிறு வழி விடுவது. மெல்லிய மீள்கயிற்றை இரண்டு விரல்கடை நீளத்துக்குமேல் வெட்டி, அதன் ஒரு முனை சீலைத் தாண்டி முன்கைப் பக்கமும் மறு முனை உள்ளங்கைப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி, மணிக்கட்டின் உட்புறத்தில் செருகிக்கொள்ள வேண்டும். கயிற்றின் இருபுறமும் சீல் சற்றே தூக்கி நிற்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்று போய்வரும். சிலர் மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செருகுகிறார்கள். நீண்ட மணிக்கட்டுப் பகுதியுள்ள மெரினோ கம்பளி உள்ளுறை அணிபவர்கள், அதன் விளிம்பையே சீலுக்கு அடியில் கொஞ்சம் நுழைத்துவிடுகிறார்கள். நான் கயிற்றை விரும்பக் காரணம், அது எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து உறுதிசெய்ய முடிகிறது என்பதே.

இறங்கத் தொடங்கும் முன், சூட்டில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினால் காற்று கைகளுக்கு ஏறிவிடும். வழியிலும் இறுக்கம் தெரிந்தால் ஒரு கையைச் சில நொடி உயர்த்தினால் போதும். ஒரேயடியாக நெடுநேரம் தூக்கி வைத்திருந்தால் கையுறை ஊதிப் புடைத்து, விரல்களால் எதையும் பிடிக்க முடியாமல் போகும். ஏறும்போதும் கையைத் தாழ்த்தி வைத்திருந்தால்தான் விரியும் காற்று சூட்டுக்குத் திரும்பி, தோளிலுள்ள வால்வு வழியாக வெளியேறும்.

எந்த வளைய அமைப்பு என்பது எனக்கு இரண்டாம்பட்சம். கூபியானாலும் எஸ்ஐ டெக்கானாலும், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இன்னொரு வளையத்துக்குள் அழுந்தி நீரைத் தடுப்பதுதான் பொதுவான வேலைமுறை. ஆனால் மூன்றை மட்டும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையின் அகலமான பகுதி, உள்ளுறையோடு, வளையத்தின் உள்விட்டத்தில் நுழைகிறதா? ஒரு கையில் கையுறை பூட்டிய பிறகு, அந்தத் தடித்த விரல்களால் மறு கையின் வளையத்தை நீங்களே பூட்டிக் கழற்ற முடிகிறதா? வெளியுறை கிழிந்தால் அதை மட்டும் நீங்களாகவே மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கான விடை சாதகமாக இருந்தால், வேலைக்குப் பயன்படும் சாதாரண ரசாயனக் கையுறையைக்கூட வளையத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

மறுமொழி: சிப்பிவெட்டு (கிங்ஸ்டன், ஒன்ராறியோ)

மேலே வடகடல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நம் ஏரிகளுக்கே உரிய ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1980களின் இறுதியில் சரக்குக் கப்பல்கள் நிலைகுலையாமலிருக்க நிரப்பும் நீரோடு வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகள் இன்று பெரிய ஏரிகளிலுள்ள மூழ்கிய கப்பல்களை அப்பிக் கிடக்கின்றன. விரல்நகம் அளவுள்ள அந்தச் சிப்பியின் விளிம்பு பிளேடு போலக் கூர்மையானது. கப்பலை நாம் தொடப்போவதில்லை, தொடவும் கூடாது. ஆனால் மிதவையிலிருந்து இறங்கும் கயிற்றைப் பிடித்தே ஆக வேண்டும், அந்தக் கயிற்றிலும் சிப்பி ஒட்டியிருக்கும். நீரோட்டத்தில் கயிறு உள்ளங்கையில் வழுக்கினால் மெல்லிய லேட்டக்ஸ் கையுறைக்கு அதுவே முடிவு. விரலை மடித்துக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் வளைவில் தளர்வாக வைத்துக்கொண்டு இறங்கினால் சேதம் குறையும்.

வெளியுறையின் பொருளையும் கவனியுங்கள். பிவிசி உறுதியானது, விலை குறைவு. ஆனால் குளிரில் விறைத்துக்கொள்ளும். ஆகவே, வாங்குமுன் அதைக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்துவிட்டு விரலை மடக்கிப் பார்க்கலாம். லேட்டக்ஸ் நன்றாக வளைந்து கொடுக்கும், சீக்கிரம் கிழியும். தடித்த ரப்பர் நடுத்தரமானது. அளவைப் பொறுத்தவரை, உள்ளுறை அணிந்த கையோடு முஷ்டி மடக்கினால் விரல்கள் இழுக்கக் கூடாது. அதே சமயம் விரல்நுனியைத் தாண்டி வெற்றுப் பகுதி தொங்கவும் கூடாது. கடையில் கருவிகளை மாட்டிக்கொள்ளும் போல்ட் ஸ்னாப் கொக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை ஒரு வளையத்தில் மாட்டிக் கழற்றிப் பார்க்காமல் எந்தக் கையுறையையும் வாங்காதீர்கள். இப்போதுள்ள சிறு கொக்கிகளைப் பெரியவையாக மாற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் பூட்டுமுன் ஓ-ரிங்கை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடியோ, மணலோ, உள்ளுறையிலிருந்து உதிர்ந்த ஒரு கம்பளி இழையோ குறுக்கே கிடந்தால் போதும், கை நனைந்துவிடும். என் அனுபவத்தில் கிழிசலைவிட இந்த இழையால்தான் அதிக முறை கசிவு வந்திருக்கிறது. சிலிக்கோன் பசையை மிக மெல்லியதாகத் தடவினால் போதும். அதிகமாகத் தடவினால் தூசியை அதுவே சேர்த்து வைக்கும். ஐயம் இருந்தால் கையுறையை ஊதி, வாயை முறுக்கிப் பிடித்து, வாளி நீரில் அழுத்துங்கள்; குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

ஹ்யூரான்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. சீலை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சீலுக்கு அடியில் கயிறு செருகினால், கையுறை கிழியும்போது அந்த இடுக்கு வழியாகவே நீர் சூட்டுக்குள் போய்விடாதா? இரண்டாவது, பேட்டரியில் இயங்கும் வெப்பக் கையுறையையும் உள்ளே அணியலாம் என்கிறார்களே, அது அவசியமா?

மறுமொழி: நீலப்பனி (ரெய்க்யவிக்)

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். விரல் குளிர்வதற்குக் கையுறை மட்டும் காரணமல்ல. உடம்பின் நடுப்பகுதி சற்றே குளிர்ந்தாலும், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே வெப்பக் கையுறைக்குச் செலவிடும் முன், நெஞ்சுக்கும் தலைக்கும் போதிய காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படகில் கைகளைக் காற்றில் விட்டுவிட்டு, ஏற்கெனவே சில்லிட்ட விரல்களைக் கையுறைக்குள் நுழைத்தால் எந்த உள்ளுறையும் அவற்றைச் சூடாக்காது. அது இருக்கும் வெப்பத்தைக் காக்கும், அவ்வளவே.

வெப்பமூட்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு முக்குளிப்புப் பிரிவு 2007-இல் வெளியிட்ட அறிக்கை, ஆழத்தில் வெதுவெதுப்பாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு அழுத்தக் குறைவு நோய் (ஏறும்போது உடம்பில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வருவது) மிக அதிகமாக வந்ததைக் காட்டியது. பேட்டரி ஆழத்தில் வேலைசெய்து, ஏறும் நேரத்தில் தீர்ந்துபோனால் நாம் அதே நிலையில்தான் இருப்போம். ஆகவே உங்கள் நிலையில் வெப்பக் கையுறை தேவையில்லை. நல்ல கம்பளி உள்ளுறை போதும்.

இங்கே ஐஸ்லாந்திலுள்ள சில்ஃப்ரா பிளவில் நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான், ஆயினும் அங்கே வருபவர்களில் பலர் நியோப்ரீன் கையுறையோடுதான் இறங்குகிறார்கள். 18 மீட்டருக்குமேல் ஆழம் போகாமல், சுமார் அரைமணி நேரத்தில் கரையேறும் முக்குளிப்பு அது. விரல் மரத்தாலும் உடனே வெளியே வந்துவிடலாம். அரேபியாவில் அந்த வசதி இல்லை. எனவே உலர் கையுறைக்கு மாறும் உங்கள் முடிவு சரியானது.

மறுமொழி: வடகடல் (பெர்கன், நார்வே)

முதல் ஐயம் நியாயமானது. ஆம், கயிறு இருக்கும் இடுக்கு வழியாக நீர் கசியத்தான் செய்யும். ஆனால் கசிவது வேறு, மடை திறந்தாற்போல் பாய்வது வேறு. கயிறு மெல்லியதாக இருக்கும்வரை நீர் மெதுவாகவே ஏறும். முன்கை ஈரமாவதை உணர்ந்து, சைகை காட்டி, முறைப்படி மேலே வர அவகாசம் கிடைக்கும். அதனால்தான் குழாயைவிடக் கயிறு, தடித்த கயிற்றைவிட மெல்லிய கயிறு என்கிறேன். காற்று போய்வர மிகச் சிறிய இடுக்கே போதும். முதலில் மிக மெல்லியதைச் செருகி ஆழமில்லாத இடத்தில் இறங்கிப் பாருங்கள், இறுக்கம் நீங்காவிட்டால் மட்டும் அடுத்த தடிமனுக்குப் போங்கள்.

அந்த முதல் சில முக்குளிப்புகளை 6, 7 மீட்டரிலேயே வைத்துக்கொண்டு, இன்ஃப்ளேட்டர், தோள் வால்வு, முகமூடியைக் கழற்றி அணிவது, மூச்சுக்கான மாற்று ரெகுலேட்டரை எடுப்பது, கொக்கிகள் ஆகிய அனைத்தையும் புதிய கைகளோடு மீண்டும் பழக வேண்டும். உடன் இறங்குபவரிடம், கை நனைந்தால் காட்டும் சைகையை முன்கூட்டியே பேசி வையுங்கள். அதைக் கண்டதும் காரணம் கேட்காமல் இருவரும் சேர்ந்தே ஏற வேண்டும். கரையேறியதும் உள்ளுறையை வெளியே எடுத்து உலர்த்துங்கள், ஏனெனில் அது கசிவால் மட்டுமல்ல, வியர்வையாலும் ஈரமாகும். அன்றைய இரண்டாவது முக்குளிப்புக்கு ஒரு ஜோடி காய்ந்த உள்ளுறை தனியாக இருக்கட்டும். உங்கள் பழைய 5 மி.மீ. நியோப்ரீன் கையுறையையும் பையில் போட்டு வையுங்கள். படகில் வெளியுறை கிழிந்துவிட்டால், அதை அணிந்துகொண்டு ஆழம் குறைந்த ஓர் இடத்திலாவது இறங்கலாம். கீழே சீல் இருப்பதால் சூட் அப்போதும் நனையாது.