சுவரொட்டி, ஈரல், முருங்கைக்கீரை: ரத்தம் ஏறுச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஏலக்காட்டு ஜீப் (கம்பம்):

எங்க அக்காவுக்கு ரத்தம், அதான் ஹீமோகுளோபின், 7.2. விடியக்காலம் ஜீப்புல மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு இந்த நெலமதான், புதுசா ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாங்க. கூடவே மச்சான்கிட்ட, "ஈரல் வாங்கிக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை. மச்சான் நல்ல மனுசன். ஞாயித்துக்கிழமை மொத ஆளாப் போயி அரைக்கிலோ ஆட்டு ஈரலும், முன்னாடியே சொல்லி வெச்சிருந்த சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) வாங்கியாந்துட்டாரு.

அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன். அக்கா மிளகு சீரகம் அரைச்சு, சின்ன வெங்காயம் வதக்கி, சட்டியில வறுத்தா. வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு. அதுக்குள்ள மச்சானோட கூட்டாளிங்க வந்துட்டாங்க, மாடிக்கு ஒரு தட்டு போச்சு. பெறகு இன்னொரு தட்டு. பெரியவனுக்குப் பரீட்சைன்னு அவனுக்குக் கொஞ்சம். மாமியாருக்குப் பல்லு இல்ல, சுவரொட்டிதான் மெத்துன்னு இருக்கும்னு அது அங்க போயிருச்சு. கடைசியா அக்கா உக்காந்தா. சட்டியில ஒட்டுன மசாலாலயே சோத்தப் போட்டுப் பிசைஞ்சு, கரண்டியால சுரண்டுனா. ஈரல் தூளு கொஞ்சம் வந்துச்சு. அதையும் பொறுக்கியெடுத்துச் சின்னவ வாயில வெச்சா. அந்தக் கை இன்னும் என் கண்ணுல நிக்குது.

அடுத்த மாசம் ரத்தம் பாத்தா அதே அளவு. "ஈரல்லாம் வாங்கிக் குடுத்தேனே, ஏறலியே"ன்னு மச்சான் நர்சம்மாகிட்டக் கேக்குறாரு. அதுல பொய் ஒண்ணும் இல்ல, வாங்கித்தான் குடுத்தாரு. அக்கா சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்குறா. ஈரல் ஒசத்தியா கீரை ஒசத்தியான்னு ஊரே பேசுது. உங்க வீட்டுல ஈரல் யார் தட்டுக்குப் போகுதுன்னு சொல்லுங்க.

குமுளி டிரைவர்:

தம்பி, அது உங்க கீழ்நாட்டுக் கதை. எங்க பக்கம் தட்டுக்கடையில மாட்டு ஈரலைத் தேங்காக்கொத்து, கறிவேப்பிலை, குருமிளகு போட்டுக் கறுக்க வறுத்து வெச்சிருப்பான். சேச்சிமாரே கப்பையோட வாங்கிட்டுப் போவாங்க. ஒருக்கா மதுரைலருந்து வந்த சவாரி, மலைப்பாதை வளைவுல ஒரு அம்மா வெளிறிப் போயி சாஞ்சிட்டாங்க. மேல ஏறினதும் ஒரு பிளேட்டு ஈரல் ரோஸ்ட்டும் பொரோட்டாவும் வாங்கிக் குடுத்தேன். பத்து நிமிசத்துல எந்திரிச்சு உக்காந்து போட்டோ எடுக்குறாங்க.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க. ரத்தசோகை உள்ள பொம்பளைங்க கேரளாவுல நூத்துக்கு 36, தமிழ்நாட்டுல 53, ஆந்திராவுல 59. இதுக்கு மேல என்ன பேசணும்?

செங்கோட்டை டீச்சர்:

குமுளி டிரைவர் சார், அந்த அம்மா எந்திரிச்சது பசி அடங்கினதால. பன்னும் டீயும் வாங்கிக் குடுத்திருந்தாலும் எந்திரிச்சிருப்பாங்க. தின்ன இரும்பு ரத்தமாகி டெஸ்ட்ல தெரியறதுக்கு வாரக்கணக்கு ஆகும்.

கணக்கையும் பாதியில விட்டுட்டீங்க. மூணு மாநிலத்துலயும் நூத்துக்கு 97, 98 பேர் அசைவம்தான். ஆந்திராக்காரங்க போட்டி, தலைக்கறி எதை விட்டு வெச்சாங்க? அங்கதான் 59. கேரளாவுல வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கு, பொம்பளைப் பிள்ளைங்க படிப்பு இருக்கு, கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி இருக்கு, தெனம் மீன் இருக்கு. அதையெல்லாம் தள்ளிட்டு ஈரல் ரோஸ்ட்டுக்கு மாலை போடாதீங்க.

என் அனுபவம் பள்ளிக்கூடத்துல. வாராவாரம் நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, கூட ஃபோலிக் ஆசிட். முழுங்குற மாதிரி நடிச்சிட்டு ஒளிச்சு வைக்கிறதுல எங்க பிள்ளைங்க கெட்டிக்காரிங்க. ஒருத்தி சட்டைப் பையில போட்டிருக்கா. வேர்வையில கரைஞ்சு வெள்ளைச் சட்டையில பெரிய நீல வட்டம். "மை கொட்டிருச்சு டீச்சர்"ங்கறா. கையில இருக்கிற பேனா சிவப்பு. மிரட்டாம கேட்டா, "வயித்தைப் பொரட்டுது டீச்சர், முருங்கைக்கீரையே போதும்னு ஆச்சி சொல்லுது"ன்னா.

ஆச்சி சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணையில 100 கிராம் முருங்கைக்கீரைக்கு இரும்பு நாலரை மில்லிகிராம் கிட்ட. கேழ்வரகுக்கும் அதே அளவுதான். ஆட்டு ஈரல் ஆறு, ஏழு வரும். தாள்ல பாத்தா பெரிய தூரம் இல்ல, தூரமெல்லாம் வயித்துக்குள்ளதான். கறியில உள்ள ஹீம் இரும்புல 15லருந்து 35 சதவீதம் வரைக்கும் உடம்பு எடுத்துக்கும். கீரை, பருப்பு, தானியத்துல பல நேரம் 10ஐத் தாண்டாது. அதனால கீரைச் சோத்துல எலுமிச்சம்பழம் பிழியுங்க. நெல்லிக்காய், கொய்யா கூடச் சேத்துக்கோங்க. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. கேழ்வரகை முளைகட்டி அரைங்க. மாத்திரையை வெறும் வயித்துல தாங்கலைன்னா சாப்பிட்ட பெறகு போடலாம். மலம் கறுப்பாப் போறதைப் பாத்துப் பயந்து நிறுத்தாதீங்க.

கம்பம் தம்பி, உங்க அக்கா தோட்டத்துல சோத்தோட கட்டஞ்சாயா குடிக்கிறாங்களான்னு கேளுங்க.

கல்பாத்தி மாமி:

நான் முழுக்கக் கீரை கட்சி. ஈரல் என்ன நிறம்னுகூட நேக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 12க்கு மேல, அதனால ஒரு குறையும் இல்லேன்னு இருந்தேன். கால்ல மட்டும் கொஞ்ச நாளா ஊசி குத்தறாப்பல ஒரு மாதிரி. வயசாச்சு, மரத்துப் போறதுன்னு ஆத்துல எல்லாரும் சொன்னா.

ரதோத்ஸவத்தன்னிக்குத் தேர் பாத்துட்டுத் திரும்பி வந்துண்டிருக்கேன். பின்னாலேர்ந்து ஒரு பொண்ணு ஓடி வந்து, "மாமி, இது உங்க செருப்பா?"ங்கறா. குனிஞ்சு பாத்தா வலது கால் வெறுங்கால். எங்கே கழண்டதுன்னே தெரியலை. கப்பி ரோட்டுல நடந்து வந்திருக்கேன், கல்லு குத்தினதே தெரியலை. நடுத்தெருவுல அப்படியே நின்னுட்டேன்.

வைட்டமின் பி12 பாத்தா 110. இருநூறாவது இருக்கணுமாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்துக்கறவாளுக்கு பி12 உள்ளே போறது குறையுமாம், வயசானா வயித்துல அமிலம் குறைஞ்சும் அப்படி ஆகுமாம். கீரையிலும் பருப்புலயும் ஃபோலேட் தாராளமா கிடைச்சா ரத்தசோகை வெளியில தெரியாம நரம்புல மட்டும் காட்டிக் குடுக்கலாம்னு டாக்டர் சொன்னார். செடியில பி12 கிடையாது, அதுல தகராறே இல்லை. எதிராத்துக்காரா, "மருந்தா நெனச்சுக் கோழி ஈரல் சாப்பிடுங்கோ"ங்கறா. இன்னொருத்தர் ஸ்பைருலினான்னு பாசி மாத்திரை வாங்கிண்டு வந்து நிக்கறார், அதுல இருக்கறது மனுஷா உடம்புக்கு உதவற வகையே இல்லை. நான் ஊசி போட்டுண்டேன், இப்போ மாத்திரை. நாக்குல ஈரல் படாமலே கால் திரும்ப வந்துடுத்து. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

மார்த்தாண்டம் கறிக்கடை:

டீச்சர் மில்லிகிராம் சொல்லுதாங்க, மாமி நிறமே தெரியாதுங்காங்க. ஈரலைக் கையில எடுத்துப் பாத்தவன் பேசுதேன், கேட்டுக்கிடுங்க.

ஒரு நாள் செம்மறி ஒண்ணு உரிச்சேன். ஈரல்ல நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளைக் கட்டி, கத்தி பட்டதும் தண்ணி பீச்சியடிச்சு மூஞ்சியில தெறிக்குது. மொத்தத்தையும் குழியில போடப் போனா ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டாரு. "கட்டியை மட்டும் கிள்ளிட்டு மிச்சத்தைக் குடும், பாதி விலை தாறேன், வீட்டுல பிள்ளைக்கு ரத்தம் இல்ல." தர மாட்டேன்னுட்டேன். கடை முன்னாடியே சத்தம் போட்டாரு. பிள்ளைக்குன்னு கேக்குத மனுசனைத் திருப்பி அனுப்புதது லேசுப்பட்ட காரியம் இல்ல கேட்டியளா.

அந்தக் கட்டி எப்பிடி வருதுன்னு தெரிஞ்சிக்கிடுங்க. கழிவு ஈரலை நாய்க்குப் போட்டா நாய் வயித்துல நாடாப்புழு. அது முட்டை புல்லுல விழும், புல்லை ஆடு திங்கும், ஆட்டு ஈரல்ல திரும்பக் கட்டி. மனுசனுக்கும் வரும், ஆனா ஈரலைத் தின்னு இல்ல, நாய் வழியாத்தான். அதனால கழிவை நாய்க்கு எறியாதீங்க, புதைங்க. வாங்கப் போற இடத்துல ஈரலை நறுக்கிக் காட்டச் சொல்லுங்க. பித்தக்குழாய்ல தட்டைப் புழு கெடந்தா அங்கதான் தெரியும், குளத்தாங்கரையில மேயுத ஆட்டுக்கு அது சகஜம். மேல வழவழன்னு, ஓரம் கூர்மையா, ஒரே நிறமா இருக்கணும். பித்தப்பை உடைஞ்சு பச்சை படிஞ்சிருந்தா எந்த மசாலாவாலயும் கசப்பு போகாது.

சுவரொட்டி ஆட்டுக்கு ஒண்ணுதான். பத்துப் பேர் சொல்லி வெச்சா ஒருத்தருக்குத்தான் கிட்டும். அதான் சிலர் ஈரல் துண்டையே சுவரொட்டின்னு தள்ளி விடுதானுவ, தொட்டுப் பாத்தாத் தெரியும், இது பஞ்சு பதம். தோலை உரிச்சிட்டு உள்ள வரைக்கும் வேக வைங்க. கங்குல லேசா வாட்டி ரத்தத்தோட குடுத்தாத்தான் சத்துங்கது சும்மா பேச்சு. கோழி ஈரலும் நடுவுல சிவப்பு இருந்தா எறக்காதீங்க.

வண்டிப்பெரியார் மருமகள்:

அண்ணா கட்டி, புழு எல்லாம் சொன்னீங்க, நல்ல ஈரலால வர்ற வம்பைச் சொல்லலையே. நான் மாசமா இருந்தப்ப எங்க மாமியார் தெனமும் ஈரல். காலையில இட்லியோட, மத்தியானம் சோத்தோட. ஸ்கேன் எடுக்க வரிசையில உக்காந்திருக்கையில டிபன் டப்பாவைத் தொறந்து ஊட்ட வந்துட்டாங்க. வராந்தா பூரா கவுச்சி. நர்ஸ் சேச்சி எட்டிப் பாத்து, "அம்மே, கரள் தெவசம் கொடுக்கண்டா"ன்னுச்சு, தெனமும் ஈரல் குடுக்க வேண்டாம்னு. எங்க மாமியார் எந்திரிச்சு நின்னு, "நாங்கல்லாம் தின்னுட்டுத்தான கொழுந்து கிள்ளிக்கிட்டே பெத்தோம்"னு பிடிச்சாங்க பாருங்க, டோக்கன் கூப்பிட்டதே யாருக்கும் கேக்கல.

டாக்டர் சொன்ன காரணம் வைட்டமின் ஏ. ஈரல்ல அது ரெட்டினாலா நேரடியா இருக்கு. ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது, 100 கிராம் ஆட்டு ஈரல் அதுக்கு ரெண்டு மடங்கைத் தாண்டிரும். மொத மாசங்கள்ல அளவு மீறினா பிள்ளைக்கு ஊனம் வரலாம். பிரிட்டன்ல கர்ப்பிணிங்க ஈரலே வேண்டாம்னு அரசு மருத்துவத்துறை சொல்லுது. கேரட், முருங்கைக்கீரையில உள்ளதை உடம்பு தேவைக்கு மட்டும் மாத்திக்கும், அந்தப் பயம் இல்ல. மத்தவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் ஈரல் போதும்னாங்க.

கம்பம் அண்ணா, அக்காவுக்குப் பூச்சி மாத்திரை குடுத்தாங்களா? தோட்டத்து மண்ணுல வெறுங்கால்ல நின்னா கொக்கிப்புழு ஏறும். உள்ள உக்காந்து அது உறிஞ்சிக்கிட்டே இருந்தா நீங்க எந்த ஈரலை வாங்கி என்ன?

பழைய மைக்ராஸ்கோப் (தேனி):

லேப்ல காலத்தை ஓட்டுனவன். டீச்சர் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம், ஈரல்ல உள்ள இரும்பு முழுசும் ஹீம் இல்ல, ஃபெரிட்டின்ங்கற புரதத்துல சேத்து வெச்சதும் நெறைய. உண்மையில இரும்புக்குன்னா சுவரொட்டிதான் ராஜா. செம்மறி மண்ணீரல் 100 கிராம்ல 40 மில்லிகிராமுக்கு மேல.

என் மனசுல நிக்கிறது ஒரு பாட்டி. நேர்த்திக்கடனுக்குக் கறி, மீன், முட்டை எல்லாத்தையும் விட்ட ஆளு. ரத்தம் 6. யார் யாரோ இரும்பு டானிக்கா எழுதிக் குடுத்து பாட்டில் பாட்டிலா காலி. ஸ்லைடைப் பாத்தா சிவப்பணு ஒவ்வொண்ணும் பெருசு பெருசா, வெள்ளையணுவோட கரு ஆறு துண்டா பிரிஞ்சு கெடக்கு. இரும்புக்கொறைன்னா அணு சின்னதாகணும். இது பி12.

ஈரல் தின்னா ரத்தம் ஊறும்ங்கறதுக்கு நோபல் பரிசே இருக்கு. மைனாட், மர்ஃபின்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க 1926ல தெனம் கால்கிலோவுக்குக் கிட்ட ஈரல் தின்ன வெச்சு, சாகக் கெடந்தவங்களைப் பொழைக்க வெச்சாங்க. விப்பிள்ங்கற இன்னொரு டாக்டரோட சேத்து 1934ல பரிசு. ஆனா அந்த நோய் பி12ஐ வயிறு உறிஞ்ச முடியாத நோய், நம்ம தோட்டத்து இரும்புக்கொறை இல்ல. அதே காலத்துல பம்பாய்ல லூசி வில்ஸ்னு ஒரு டாக்டரம்மா, மில்லுல வேலை செஞ்ச ஏழைக் கர்ப்பிணிங்களைப் பாத்தாங்க. அங்க குணமாக்குனது ஈஸ்ட் சத்து, மார்மைட். அதுக்குள்ள இருந்தது ஃபோலேட், கீரையில இருக்கிற அதே சரக்கு. எந்த நோய்னு தெரியாம ஈரலா கீரையான்னு அடிச்சுக்கிறீங்க. மொதல்ல ஸ்லைடு போடுங்கய்யா.

போடிமெட்டு லாரி:

எல்லாரும் ரத்தம் ஏறுனதைப் பேசுறீங்க, எனக்கு ஏறினது யூரிக் ஆசிட். குமுளி டிரைவர் அண்ணே சொல்ற மாதிரி ஈரல் ரோஸ்ட்டும் பீரும்தான் நமக்கும் வாடிக்கை. ஒரு நாள் மெட்டு எறங்கையில வலது கால் பெருவிரல் தீயா எரியுது, பிரேக்கை மிதிச்சா உயிர் போகுது. கொண்டை ஊசியில பின்னாடி பஸ்காரன் ஆரனை அமுக்கிக்கிட்டே நிக்குறான், நான் குதிகாலால மிதிச்சு மிதிச்சு எறக்கினேன். ஈரல், கிட்னி, மூளை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அண்ணே, எந்தத் தட்டுக்கடை அது? மாசத்துக்கு ஒரு பிளேட்டு பரவாயில்லைன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

குமுளி டிரைவர்:

கடைக்காரன் கோட்டயம் பக்கம் போயிட்டான்பா. இப்ப அந்த எடத்துல கப்பையும் மத்திக் கறியும் போடுறாங்க. மத்தியும் உனக்கு ஆகாதாம், டாக்டரைக் கேட்டுட்டு வா.