அஷ்யூர் ஆர்க்கா, ஏடபிள்யூஎஸ் சிஸ்டம்ஸ் மேனேஜரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பல இடங்களில் உள்ள சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் ஆர்க், அமேசானின் ஏடபிள்யூஎஸ் சிஸ்டம்ஸ் மேனேஜர் இரண்டில் எதை எடுப்பது என்று பார்க்கிறோம். சுமார் 140 சர்வர்கள்: பாதி ஏடபிள்யூஎஸ்ஸில், கொஞ்சம் அஷ்யூரில், மீதி சொந்த டேட்டா சென்டரில் விஎம்வேர் (ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) மேல். பேட்ச் (மென்பொருள் திருத்தங்கள்), இன்வென்டரி (என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்), செலவு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும்.

ஆர்க்கில் சர்வரைச் சேர்ப்பதும் டேக் (வகைப்படுத்தும் அடையாளம்) போடுவதும் இலவசம். பேட்ச் போடும் அப்டேட் மேனேஜருக்குத்தான் சர்வருக்கு மாதம் 5 டாலர். சர்வரில் நிறுவும் ஏஜென்ட் மென்பொருளுக்கு வெளியே போகும் 443 போர்ட் போதும். சிக்கல் வேறு இடத்தில்: 45 நாள் தொடர்பு இல்லையென்றால் மெஷின் 'எக்ஸ்பயர்டு' ஆகிவிடலாம். அப்புறம் கையால் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். டிஆர் சைட்டில் (பேரிடர் மீட்புக்கான மாற்று இடத்தில்) அணைத்தே வைத்திருக்கும் மெஷின்களை என்ன செய்கிறீர்கள்?

சிஸ்டம்ஸ் மேனேஜரில் ஒரு அக்கவுன்ட்டில் ஒவ்வொரு ரீஜனுக்கும் (ஏடபிள்யூஎஸ்ஸின் புவிப் பகுதி) 1,000 வெளி சர்வர்கள் (ஏடபிள்யூஎஸ்ஸில் இல்லாதவை) வரை இலவசம். ஆனால் செஷன் மேனேஜர் (தொலைவிலிருந்து நுழையும் வசதி) வழியாக அவற்றுக்குள் நுழைய அட்வான்ஸ்டு டியர் (கட்டண அடுக்கு) வேண்டும். அதை ஆன் செய்தால் அந்த ரீஜனின் வெளி சர்வர்கள் அத்தனைக்கும் மீட்டர் ஓடும். வெளி சர்வரைச் சேர்க்கும் ஆக்டிவேஷன் கோடும் தேதி மாற்றாவிட்டால் 24 மணி நேரத்தில் காலாவதி.

செலவுக் கணக்கில் இன்னொரு தொல்லை. டேக் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் ஏடபிள்யூஎஸ் இரண்டாக எண்ணும், அஷ்யூர் ஒன்றாகவே பார்க்கும். இதை டேக் போடும்போதே பாலிசி விதியால் தடுக்கிறீர்களா, ரிப்போர்ட்டில் சரிசெய்கிறீர்களா? விற்பனை டெமோ லிங்க் வேண்டாம், ஓட்டிப் பார்த்தவர்கள் பதில் போடுங்கள்.