கர்ப்பத்தில் சிறுநீரில் சுகர் வந்தவர்கள் சொல்லுங்கள்

ரங்கூன் மீனா:
ஏழாம் மாதம். சயாமா (நர்ஸ்) சோதனை ஸ்ட்ரிப்பை என் சிறுநீரில் நனைத்து வெளியே எடுத்தார். சர்க்கரைக் கட்டம் பச்சையாகி, என் கண்முன்னே பழுப்பாகத் திரும்பியது. அவர் ஒன்றும் பேசாமல் டப்பாவில் இருக்கும் நிறங்களோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அந்த மௌனம் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் சோற்றை நிறுத்திவிட்டார். இரவில் கீரை மட்டும். அடுத்த தடவை போனால் கீட்டோன் கட்டம் ஊதா! (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவதுதான் கீட்டோன்.) அப்புறம்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். மூன்று அளவும் வரம்புக்குள். டாக்டர் மாமியாரிடம், "இந்தப் பிள்ளைக்குச் சுகர் இல்லைம்மா, பசி" என்றார்.

தட்டோன் செல்வி:
மீனா அக்கா, உங்களுக்கு நல்லபடி முடிந்தது, சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் ரத்தம் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். எனக்கு நீர் எப்போதும் சுத்தம், காலையில் சாப்பிடாமல் போவேன். 26 வாரத்தில் அந்தக் குளுக்கோஸ் தண்ணீர். வாந்தி வரக்கூடாதென்று எலுமிச்சைத் தோலை மூக்கில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிற்றில் 88, ஒரு மணி நேரத்தில் 191, இரண்டு மணியில் 168. "வெறும் வயிற்றில் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, இன்சுலின் போட்டுக்கொண்டேன்.

மோல்மேன் லேப்காரர்:
தங்கச்சிகள் இருவரும் சொல்வது சரிதான். ஸ்ட்ரிப் வருவதற்கு முன் நாங்கள் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு நீர் விட்டுக் கொதிக்க வைப்போம். ஒன்பதாம் மாதத்துப் பெண் ஒருவருக்கு ஆரஞ்சாக மாறியது, ரத்தத்தில் ஒன்றுமில்லை. தாய்ப்பால் சர்க்கரையான லாக்டோஸ் நீரில் இறங்கினாலும் அந்தக் கரைசல் நிறம் மாறிவிடும். ஸ்ட்ரிப் குளுக்கோசை மட்டும்தான் காட்டும்.

விஷயத்தைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ரத்தத்தில் சுமார் 180 தாண்டினால்தான் நீரில் சர்க்கரை வரும். கர்ப்பத்தில் சிறுநீரகம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக வடிகட்டுகிறது, அத்தனை சர்க்கரையையும் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாமல் கொஞ்சம் கசிகிறது. அதே காரணத்தால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் ரத்தத்தில் இறங்கும். மற்றவர்களுக்கு 1.0 என்றால் கவலையில்லை, கர்ப்பிணிக்கு 1.0 என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுவதால் ஹீமோகுளோபினும் குறையும், ஆனாலும் 11-க்குக் கீழே விடக்கூடாது. மூன்று மாதச் சராசரி என்று பார்க்கிற ஏ1சியை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பணுக்கள் சீக்கிரம் புதிதாவதால் அது குறைத்துக் காட்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சுகர்தான். செல்விக்கு இரண்டு தாண்டியிருக்கிறது. சோற்றை அடியோடு நிறுத்தாதீர்கள், கர்ப்பிணி ஒரு வேளை பட்டினி கிடந்தாலே கீட்டோன் சீக்கிரம் ஏறும். அளவாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், கண்டென்ஸ்ட் மில்க் டீயை விடுங்கள்.

பெகு ராஜா:
லேப் அண்ணே, எல்லாம் சொன்னீர்கள், புரதத்தை விட்டுவிட்டீர்கள். என் தங்கைக்குச் சர்க்கரைக் கட்டம் கடைசி வரை மாறவில்லை. எட்டாம் மாதம் மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீங்கியது, புரதக் கட்டம் கரும்பச்சை, பிரஷர் 150/100. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பாவுக்கோ நீண்ட நாள் சுகர். கிரியாட்டினின் சரியாக இருந்தபோதே நீரில் அல்புமின் என்ற புரதம் வர ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தட்டோன் செல்வி:
ராஜா அண்ணே, தங்கச்சி இப்போது நலம்தானே? எனக்குப் பிரசவமான ஆறு வாரத்தில் திரும்பவும் குளுக்கோஸ் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணியில் 150. கர்ப்பம் இல்லாதவர்களுக்கு 140-க்குக் கீழே இருக்கவேண்டுமாம். இனி வருஷா வருஷம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்தது தைப்பூசம் முடிந்ததும்.