எப்சம் உப்பு: காலுக்கு, கூந்தலுக்கு, முகத்துக்குப் போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

துணிக்கடை விற்பனையாளர், சென்னை

தோழிகளே, எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட் படிகம், சமையல் உப்பு இல்ல) வாங்கினவங்க நிஜத்துல என்ன பலன் கிடைச்சுதுன்னு எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் புடவைப் பிரிவுல நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்துல கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிஞ்ச தடம் வீட்டுக்கு வந்தும் மறையாது. கூட வேலை பார்க்கிற அக்கா சொல்லித்தான் மருந்துக்கடையில ஒரு பாக்கெட் வாங்கினேன். யார் குறிப்பைப் பார்த்தாலும் குளியல் தொட்டிக்கு ரெண்டு கப் போடுங்கன்னுதான் இருக்கு. நம்ம வீட்ல தொட்டி ஏது? துணி நனைக்கிற அகலமான டப்தான். முதல்ல பச்சைத் தண்ணி ஊத்தி, அப்புறம் சுடுதண்ணி சேர்த்து, முழங்கையை விட்டுப் பார்ப்பேன். சுடக்கூடாது, இதமா இருக்கணும். கணுக்கால் முங்கற அளவு தண்ணிக்கு அரை டம்ளர் உப்பு, 15 நிமிஷம். அப்புறம் நல்ல தண்ணியில கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு, தேங்காய் எண்ணெய் தடவி, தலையணை மேல காலைத் தூக்கி வச்சுப் படுத்துடுவேன்.

காலோட கனம் குறையுது, தூக்கமும் நல்லா வருது. ஆனா உப்பு தீர்ந்துபோய் வெறும் சுடுதண்ணியில வச்ச நாளும் உண்டு. வலி அன்னிக்கும் அதே அளவுதான் குறைஞ்சது. குதிகால் தோல் மட்டும் உப்பு போட்ட நாள்ல இன்னும் கொஞ்சம் வழவழன்னு இருந்த மாதிரி தோணுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். கடையில வேலை பார்க்கிறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021ல தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துல கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினாங்க. கேரளாவுல 2018லயே வந்தாச்சு. கூட்டம் இல்லாத நேரத்துல கொஞ்சம் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வந்த நாள்ல எனக்கு டப்பைத் தேடத் தோணறதே இல்ல. உங்க கடையில இன்னும் ஸ்டூல் போடலன்னா, உப்பு வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க.

அழகு நிலையம் நடத்துபவர், திருப்பூர்

கால் விஷயத்துல தங்கச்சி சொன்னதை அப்படியே ஏத்துக்கறேனுங்க. நான் கூந்தல் பத்திச் சொல்றேன்.

கண்டிஷனர்ல எப்சம் உப்பு கலந்து தேய்ச்சா முடி அடர்த்தியாத் தெரியும்னு கேட்டு வர்றவங்க நிறைய. அவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, உங்க வீட்ல என்ன தண்ணி? எங்க பக்கம் பாதி வீட்ல போர் தண்ணி. பக்கெட் ஓரத்துல வெள்ளையாப் படியும், சோப்பு நுரைக்காது, முடி நார் மாதிரி ஆயிடும். அந்தக் கடினத்துக்குக் காரணமே தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியமும் மெக்னீசியமும்தானுங்க. எப்சம் உப்புங்கறது மெக்னீசியம் சல்பேட். எந்தச் சத்து தலையில ஏறக்கூடாதுன்னு குழாய்ல ஃபில்டர் மாட்டறோமோ, அதையே காசு கொடுத்து வாங்கித் தேய்க்கறதா? நல்ல தண்ணியில ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பாருங்க. ரெண்டு டம்ளர் தண்ணி எடுத்து, ஒண்ணுல மட்டும் ஒரு ஸ்பூன் எப்சம் உப்பைக் கரைச்சு, ரெண்டுலயும் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்குங்க. உப்பு போட்டதுல நுரை எழும்பாது, தயிர் திரிஞ்ச மாதிரி மிதக்கும். அந்தப் பிசுக்கு முடியில ஒட்டறதைத்தான் சிலர் அடர்த்தின்னு நினைச்சுக்கறாங்க. எண்ணெய்ப் பிசுக்கு அதிகமா இருக்கிறவங்களுக்கு ஒரு நாள் நல்லா இருக்கிற மாதிரித் தெரியலாம். வறண்ட முடி, சுருட்டை முடி, சாயம் போட்ட முடிக்கு நான் தொடவே மாட்டேன்.

முகத்துக்கும் வேண்டாங்க. அந்தப் படிகம் கூர்மையானது. பரு இருக்கிற கன்னத்துல தேய்ச்சா கீறிவிட்டு, பரு போனாலும் கரும்புள்ளி தங்கிடும். குதிகால், முழங்கைக்குத் தேங்காய் எண்ணெயில குழைச்சு மெதுவா உருட்டித் தேய்க்கலாம், அங்க தோல் தடிப்பு. பித்த வெடிப்பு ஆழமாப் போய் ரத்தம் எட்டிப் பார்த்தா அதுவும் கூடாது. எரியும், இன்னும் காய்ஞ்சு போகும். ரத்தம் வராத வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம்னு மருந்துக்கடையில கேளுங்க. ராத்திரி பூசி சாக்ஸ் மாட்டிக்கிட்டுப் படுத்தா ரொம்ப நல்லாக் கேக்கும்.

அப்புறம் கால் வழியா நச்சு எடுக்குதுன்னு விக்கிற மெஷின். உப்புத் தண்ணியில காலை வைக்கச் சொல்லி மின்சாரம் விடுவாங்க, தண்ணி பழுப்பா மாறும், உடம்பு நச்சு இறங்குதுன்னு சொல்வாங்க. காலை எடுத்துட்டு வெறும் உப்புத் தண்ணியில ஓட்டினாலும் அது பழுப்பாத்தான் மாறும். உள்ளே இருக்கிற உலோகத் தகடு அரிச்சுத் துருப்பிடிக்கிற நிறம் அது. என் கடைக்கும் விக்க வந்தாங்க, திருப்பி அனுப்பிட்டேன். நம்பி வர்றவங்ககிட்ட துருவைக் காட்டிக் காசு வாங்க எனக்கு மனசு வராதுங்க.

கபடி ஆடுபவர், திண்டுக்கல்

மேட்ச் முடிஞ்ச ராத்திரி தொடை, கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அதுக்கு வெந்நீரும் உப்பும் சுகமா இருக்கும். ஆனா கால் பிசகி வீங்கின முதல் ரெண்டு நாள் வெந்நீர் கூடாதுன்னு பயிற்சியாளர் கறாரா நிறுத்திட்டார். ஐஸ் ஒத்தடம், கட்டு, ஓய்வு. வீக்கம் அடங்கின பிறகுதான் டப்.

செவிலியர், மதுரை

இந்த உப்போட தினமும் பழகறவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

டிரிப்ஸ் ஏத்தின இடம் வீங்கிப் போனா மேக்சல்ஃப் பொடியை, அதாவது இதே மெக்னீசியம் சல்பேட்டை, கிளிசரின்ல குழைச்சு காஸ் துணியில வச்சுக் கட்டுவோம். செறிவா இருக்கிற உப்பு வீக்கத்து நீரை வெளிப்பக்கம் இழுக்கும்ங்கிற கணக்கு. இதைப் பார்த்துட்டு, டப்ல கால் வச்சாலும் அதே வேலை நடக்கும்னு நினைக்க வேண்டாம். அது குழம்பு மாதிரிக் கெட்டியா வைக்கிற கட்டு, நீங்க கரைக்கிறது வாளித் தண்ணியில அரை டம்ளர். தோல் வழியா மெக்னீசியம் உடம்புக்குள்ள போய்க் குறைபாட்டைச் சரி பண்ணும்ங்கிறதுக்கும் வலுவான ஆதாரம் கிடையாது. வெந்நீரோட இதமும், பேசாம உட்கார்ந்திருக்கிற அந்தக் கால் மணி நேரமும் செய்யற வேலைதான் பெரும்பாலும். அது சாதாரண விஷயம் இல்ல, நம்ம பொண்ணுங்களுக்கு அந்தக் கால் மணி நேரமே கிடைக்கிறதில்ல.

சர்க்கரை வியாதி இருக்கிறவங்க காலை ஊறவைக்கவே கூடாது. உப்பு போட்டும் வேண்டாம், போடாமலும் வேண்டாம். நரம்பு மரத்துப் போயிருந்தா சூடு தெரியாது. கொப்புளம் வந்து, பொட்டுப் பொட்டாப் பொரிஞ்ச காலோட வந்தவங்களைப் பார்த்திருக்கேன், எங்களுக்கு வலிக்கவே இல்லையேம்மான்னு சொல்வாங்க. ஊறின தோல் காய்ஞ்சதும் வெடிக்கும், வெடிப்பு வழியாக் கிருமி இறங்கும். வீட்டுப் பெரியவங்களுக்கு ஆசையாச் செய்யற பணிவிடை, விரலை எடுக்கிற வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும்.

அடுத்தது கர்ப்பிணிப் பொண்ணுங்க. கால் வீக்கம் சகஜம்தான். ஆனா வீக்கத்தோட தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலி இருந்தா டப்பை எடுக்காதீங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வர்றதுக்கு முன்னாடி நிக்கிற நிலை அதுவா இருக்கலாம். ஆஸ்பத்திரியில அந்த வலிப்பைத் தடுக்கக் கொடுக்கிற ஊசி மருந்து எது தெரியுமா? இதே மெக்னீசியம் சல்பேட்தான். மேக்பை ஆய்வுன்னு 33 நாட்டுல சுமார் 10,000 கர்ப்பிணிகளை வச்சு நடத்தி 2002ல வெளியிட்டாங்க, வலிப்பு வர்ற வாய்ப்பு பாதிக்கு மேல குறைஞ்சது. ஆனா அந்த ஊசி போட்டா பக்கத்துலயே நின்னு முழங்கால் தட்டிப் பார்ப்போம், மூச்சு எண்ணுவோம், சிறுநீர் எவ்வளவு இறங்குதுன்னு அளப்போம். அளவு மீறினா மூச்சே நின்னுடும்.

அதனாலதான் குடல் சுத்தம், உடல் எடை குறைப்புன்னு சொல்லி இதைக் கரைச்சுக் குடிக்கிறதை யாராவது எழுதினா எனக்குப் பதறுது. பேதி உப்புன்னு பழைய ஆளுங்க சொன்னது இதைத்தான், குடிச்சா வயித்தாலப் போகும். சிறுநீரகம் பலவீனமா இருக்கிறவங்களுக்கு உள்ளே போன மெக்னீசியம் வெளியேறாம ரத்தத்துல ஏறும். டாக்டர் சொல்லாம வாயில வைக்காதீங்க.

இல்லத்தரசி, கும்பகோணம்

எங்க அத்தை இன்னிக்கும் வெந்நீர்ல கல் உப்புதான் போடுவாங்க. எனக்கும் அதே போதும்னு இருக்கு. இதமா இருக்கு, காசும் மிச்சம்.

துணிக்கடை விற்பனையாளர், சென்னை

நர்ஸ் அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கும் இந்த ஞாயித்துக்கிழமை டப் வைக்கலாம்னு இருந்தேன், இப்ப தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி விடறேன். இன்னொரு சந்தேகம். உரக்கடையில மெக்னீசியம் சல்பேட்னு கிலோ கணக்குல மலிவாக் கிடைக்குது, ரெண்டும் ஒண்ணுதானே? கால் வச்ச தண்ணியைச் செடிக்கு ஊத்தலாமா?

தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பொம்பளைங்க பேசற இடத்துல நான் வர்றேன், தப்பா நினைக்காதீங்கம்மா. உப்பு ஒண்ணுதான். ஆனா உர மூட்டை மண்ணுக்குன்னு தயாரிக்கிறது, அதுல வேற கலப்பு இருக்கலாம். உடம்புக்கு வாங்கினா ஐ.பி.ன்னு (இந்திய மருந்துத் தர நூலோட சுருக்கம்) போட்ட மருந்துத் தரப் பாக்கெட் வாங்குங்க. மூடி இறுக்கமா இருக்கணும். இந்தப் படிகத்தோட எடையில பாதிக்கு மேல தண்ணி. திறந்து போட்டா, காத்து வறண்ட ஊர்ல அது போய்ப் படிகம் மாவா உதிரும்.

நாங்க தென்னைக்கு வருஷம் ஒருக்கா மரத்துக்கு அரைக் கிலோ வைக்கிறது. மாட்டுக்கு வயிறு கட்டினா வைத்தியர் கரைச்சு ஊத்துவாரு. இங்கிலாந்துல எப்சம்ங்கற ஊர்ல, 400 வருஷத்துக்கு முந்தி, வறட்சிக் காலத்துல ஒரு கிணத்துத் தண்ணியை மாடுக வாய் வைக்கலையாம், அத்தனை கசப்பு. அந்தத் தண்ணியிலதான் இந்த உப்பைக் கண்டாங்கன்னு சொல்வாங்க. மாட்டோட நாக்கை நம்புற எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

செடிக்கு ஊத்தறதுன்னா, அடி இலையில நரம்பு பச்சையா நின்னு நடுவுல மட்டும் மஞ்சள் அடிச்சிருந்தாத்தான் மெக்னீசியம் குறைச்சல். அப்படி இருந்தா லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு இலையில தெளிங்க. நீங்க கால் வைக்கிற தண்ணி அதைவிடக் கெட்டி. சோப்பு கலக்கலைன்னா, நாலு பங்கு நல்ல தண்ணி சேர்த்து, எப்பவாவது ஒரு தடவை வேறவேற தொட்டிக்கு ஊத்துங்க. ஒரே தொட்டியில தினமும் ஊத்தாதீங்க, மண்ணுல உப்பு ஏறிடும். கறிவேப்பிலை மஞ்சளாச்சுன்னா மட்டும் அவசரப்படாதீங்க, அதுக்குப் பெரும்பாலும் இரும்புச் சத்துதான் குறைச்சலா இருக்கும். இலையைப் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.