எடையில் ஏமாற்றியவனுக்கு யோம் கிப்பூர் நோன்பு போதுமா?

கேள்வி:
யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யோமா என்ற பகுதியின் கடைசி அதிகாரம் படிக்கிறேன். சக மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர், அதாவது யூதர்களின் பாவ நிவர்த்தி நோன்பு நாள், தீர்க்காது என்கிறது. அப்படியானால் எடையில் ஏமாற்றிய வியாபாரி எதை முதலில் செய்யணும்? ஏமாந்தவர் இறந்துவிட்டால்? யாரென்றே தெரியாவிட்டால்?

பதில் 1:
முதலில் பணம். பொய்ச்சத்தியம் செய்து மறுத்திருந்தால் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அது ஒரு பெருட்டா, அதாவது மிகச் சிறிய செப்புக்காசு மதிப்பே ஆனாலும், உரியவர் தொலைதூர மேதியா நாட்டில் இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுக்கணும் என்கிறது மிஷ்னாவின் இன்னொரு பகுதியான பாவா கம்மா 9:5.

பணம் கொடுத்ததோடு முடியாது, மன்னிப்பும் கேட்கணும். மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துப் போகணும். இப்படி மூன்று தடவை. அதற்கும் இறங்காவிட்டால் விட்டுவிடலாம், இனி பாவம் மன்னிக்காதவர்மேல் என்கிறார் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். குருவுக்குச் செய்த குற்றம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, ஆயிரம் தடவையானாலும் போகணும்.

இறந்தவர் என்றால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், ‘இஸ்ரவேலின் கடவுளுக்கும் இன்னாருக்கும் எதிராகப் பாவம் செய்தேன்’ என்று சொல்லணும். பணம் வாரிசுக்கு. வாரிசு யாரென்று தெரியாவிட்டால் பெத் தின், அதாவது ரபிகளின் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம்.

பதில் 2:
உங்கள் கேள்வியில் சிக்கலே அந்த எடைதான். முறைகேடான உடலுறவைவிடக் கள்ள அளவுக்குத் தண்டனை கடுமை என்கிறது மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூத் நூலின் பாவா பத்ரா 88ஆ பக்கம். முன்னதற்கு மனந்திரும்ப வழி உண்டு, இதற்கு இல்லை. நூறு பேரிடம் கைப்பிடி கைப்பிடியாகத் திருடியவன் யாரைத் தேடிப் போவான்? வரி வசூலிப்பவர்களைப் பற்றித் தல்மூத்தின் பாவா கம்மா 94ஆ சொல்வதுதான் நடைமுறை வழி: தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடு, மிச்சத்தில் பொதுக் கிணறு, தண்ணீர்த்தொட்டி வெட்டு. ஏமாந்தவர்களில் சிலராவது குடிப்பார்கள். ஆனால் இது முழுத் தீர்வு இல்லை.

பதில் 3:
இன்னொரு ஓட்டை: ‘பாவம் செய்வேன், யோம் கிப்பூர் தீர்த்துவிடும்’ என்று முன்கூட்டியே கணக்குப் போட்டவனுக்கு அந்த நாள் உதவாது. அதுவும் நீங்கள் படிக்கும் அதே அதிகாரம்தான், யோமா 8:9.

கேட்டவர்:
நோன்புக்கு முந்தின நாள் எல்லோரிடமும் ‘ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னியுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால்?

பதில் 1:
போதாது. என்ன செய்தோம் என்று குறிப்பிட்டுச் சொல்லணும் என்கிறது ஷுல்ஹான் அரூக் என்ற யூதச் சட்ட நூலின் 606ஆம் பிரிவுக்கான மாகென் ஆவ்ராஹாம் என்ற உரை. சொல்வதே எதிராளிக்கு அவமானம் தரும் என்றால் மட்டும் விவரத்தை விட்டுவிடலாம்.