முகாமிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள்: குடிநோய்ச் சிகிச்சையையும் பெண்ணின் பாதுகாப்பையும் இரு கரை அமைப்புகள் தொடர்வது எப்படி?

கேள்வி: வவுனியா, பெண்கள் அமைப்பொன்றின் களப்பணியாளர்

வணக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு இலங்கையின் வவுனியா, மன்னார் மாவட்டங்களில் மீளக் குடியமரும் குடும்பங்களுடன் எங்கள் சிறிய அமைப்பு வேலை செய்கிறது. காணி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்று எங்களிடம் வரும் பெண்களில் சிலர், பல சந்திப்புகளுக்குப் பின்னர்தான் கணவரின் குடியையும் அடியையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் கணவர்மாரில் சிலர் இந்தியாவிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள். சில பெண்களுக்கு அங்கே நம்பிக்கையான ஓர் ஆலோசகரும் இருந்திருக்கிறார். விமானம் ஏறியதோடு அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஒரு சிகிச்சை நிலையத்துடனும், பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்புடனும் முறையான உடன்பாடு செய்ய விரும்புகிறோம். இரு நாட்டு அமைப்புகளும் சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் நிர்வாக சபையின் எண்ணம். எனக்கோ, அந்தக் குடும்பங்களைப் பற்றிய விபரங்களை எப்படிப் பாதுகாப்பாகக் கைமாற்றுவது என்பதே முதற் கேள்வி. இவ்வாறான வேலையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்று.

பதில் 1: மதுரை, வழக்குரைஞர்

நிதியைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன், ஏனெனில் பெரும்பாலான கூட்டுத் திட்டங்கள் அங்கேதான் முட்டி நிற்கின்றன. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வருமான வரி விலக்குப் பெறும் அறக்கட்டளைகள் தம் வருவாயை இந்தியாவுக்கு வெளியே செலவிடுவதற்கும் தனி அனுமதி வேண்டும். ஆகவே ஒருவர் பணம் பெற்று மற்றவருக்குப் பங்கிடும் திட்டத்தை வரையவே வேண்டாம். அவரவர் நிதியை அவரவர் நாட்டுச் சட்டப்படி தேடிக்கொண்டு, வேலையை மட்டும் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கையே நிலைக்கும். அதில் கையெழுத்திடுவதற்கு முன் இரு பக்கத் தணிக்கையாளர்களும் அதைப் பார்த்துவிடட்டும்.

அடுத்து, பெண்ணின் சட்டப் பாதுகாப்பு. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பெற்ற பாதுகாப்பு ஆணை இந்தியா முழுவதும் செல்லும். கடலைத் தாண்டினால் செல்லாது. இலங்கையிலும் அதே 2005-இல் இயற்றப்பட்ட 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உள்ளது. அதன்படி நீதவான் நீதிமன்றத்தில் அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவருக்காகப் பொலிஸ் அலுவலரும் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்களுக்கு வழங்கப்படும். கணவர் கட்டாய உளவளத்துணைக்கோ மறுவாழ்வுச் சிகிச்சைக்கோ செல்ல வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவிட முடியும் என்பது உங்கள் வேலைக்கு மிகவும் பயன்படக்கூடிய ஏற்பாடு.

பதில் 2: சென்னை, குடிநோய்ச் சிகிச்சைத் துறையில் சமூகப்பணியாளர்

நிர்வாக சபையைவிட உங்கள் உள்ளுணர்வே சரி என்பேன். நிதி இல்லாமலும் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். பாதுகாப்பு விதிகள் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

சிகிச்சை நிலையங்களில் வேலை செய்யும் எங்களுக்கு ஒரு சாய்வு உண்டு. குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று எண்ணுகிறோம், மனைவியிடமும் அப்படியே சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அடிக்கடி போதையில் இருக்கும் கணவரையுடைய பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை எதிர்கொண்டவர்கள்; ஆனால் குடிக்காத கணவரையுடைய பெண்களிலும் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் எதிர்கொண்டிருக்கிறார்கள். மது வன்முறையைக் கூட்டுகிறது, கொடூரமாக்குகிறது; ஆனால் மனைவியை அடிக்கலாம் என்ற உரிமையுணர்வு மதுப்புட்டியிலிருந்து வருவதில்லை. குடியை நிறுத்திய முதல் வாரங்களில் தூக்கமின்மையும் எரிச்சலும் சந்தேகமும் சேர்ந்து வீடு மேலும் ஆபத்தானதாக மாறுவதும் உண்டு. எனவே உங்கள் உடன்படிக்கையில் கணவரின் சிகிச்சையும் மனைவிக்கான உதவியும் தனித்தனிப் பணியாளர்களிடம், தனித்தனிக் கோப்புகளில் இருக்க வேண்டும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "வீட்டில் அடிப்பாரா?" என்று கேட்பதைப் போன்ற தீங்கான நல்லெண்ணம் வேறில்லை. வன்முறை உள்ள வீட்டுக்குத் தம்பதியர் ஆலோசனையைப் பரிந்துரைக்காதீர்கள். குடும்ப வகுப்புகளில், கணவரின் குடிக்கு மனைவியும் உடந்தை என்ற தொனியில் பேசப்படும் பாடங்களையும் நான் ஏற்பதில்லை. பயத்தில் பணம் எடுத்துக் கொடுத்தவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநீதி.

கைமாற்றும் முறைக்கு வருகிறேன். கணவரின் சிகிச்சைச் சுருக்கத்தை அவரே பெற்று அவரே எடுத்துச் செல்லட்டும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. எந்த மருந்து எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது, குடியை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததா என்பவை அதில் இருந்தால் அங்குள்ள மருத்துவருக்குப் போதும். வலிப்பு வந்தவர் மீண்டும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த ஒரு வரி மிக முக்கியமானது. மனைவி சொன்ன எதுவும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. அவருடைய விபரங்கள் அவர் ஒப்புக்கொண்ட பின், அவர் தேர்ந்த அளவுக்கு மட்டும், ஓர் ஆலோசகரிடமிருந்து மற்றோர் ஆலோசகருக்கு வாய்மொழியாகச் செல்வதே நல்லது. முடிந்தால் குடும்பம் புறப்படும் முன்பே மூவரும் ஓர் அழைப்பில் பேசிக்கொள்ளட்டும். ஊர் திரும்பிய பின் அந்நியக் குரலிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லும் சுமை அவருக்குக் குறையும். இந்தியா 2023-இலும் இலங்கை 2022-இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றிவிட்டன. பெயர்ப்பட்டியல்களை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுக்கும் மருந்து கிடைக்குமா என்று பெண்கள் கேட்பார்கள். ஒரு நாளும் உதவாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகவும் கூடும். கணவர் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த அடி அந்தப் பெண்ணுக்குத்தான்.

பயிற்சிக்கு, கொழும்பையே தலைமையிடமாகக் கொண்ட, கொழும்புத் திட்டம் என்ற பல நாட்டு அரசுகளின் கூட்டமைப்பின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவை அணுகுங்கள். 1973 முதல் இயங்கும் அந்தப் பிரிவு, போதைப் பழக்கமுள்ள பெண்களுக்கெனத் தனிப் பாடத்திட்டமும் வைத்திருக்கிறது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் குடும்பத்தினருக்கான தனித் திட்டம் எப்படி நடக்கிறது என்பதையும் நேரில் பார்க்கலாம்.

பதில் 3: மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

சென்னை நண்பர் சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் தூரத்து ஆலோசகரை நம்பி உள்ளூர்ப் பாதையைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அடி விழும்போது சென்னையிலிருந்து எவரும் வர முடியாது. அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவ இயங்கும் நட்பு நிலையம், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம், 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் ஆகியவற்றை உடன்படிக்கை எழுதும் முன்பே ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, அங்கே தமிழில் பேச எந்நேரமும் ஆள் இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள்.

மேலும், 1984-இல் அகதிகளாலேயே சென்னையில் தொடங்கப்பட்ட ஓஃபர் என்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இரு கரையிலும் வேலை செய்துவருகிறது. முகாம்களின் உள்ளே அறிமுகமான ஒருவர் இல்லாமல் வெளியிலிருந்து வரும் அமைப்பை அங்குள்ள பெண்கள் நம்பமாட்டார்கள். புதிய பாலம் கட்டுவதற்கு முன் இருக்கிற பாலத்தில் இடம் கேட்பது புத்திசாலித்தனம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நிதி விண்ணப்பத்தைத் தள்ளிவைத்து, இரு கோப்பு முறையை நிர்வாக சபையில் முன்வைக்கப் போகிறேன். ஒன்று மட்டும்: இந்தப் பெண்கள் பலரிடம் சொந்தத் தொலைபேசி இல்லை; வீட்டில் உள்ளது ஒன்றுதான், அதுவும் கணவரிடம். சென்னை ஆலோசகர் எப்படித் தொடர்புகொள்வது?

பதில் 2: சென்னை

வீட்டுத் தொலைபேசிக்கு ஒருபோதும் நாங்கள் அழைக்கக் கூடாது. அவர் காணி அலுவலுக்காக உங்கள் அலுவலகத்துக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவியுங்கள்; உங்கள் அறையில், உங்கள் தொலைபேசியில், கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும். வீட்டில் எவரேனும் கேட்டால் காண்பிக்க அன்றைய காணி அலுவலுக்கான கடிதம் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். தொலைபேசியில் அழைப்பு வந்ததற்கான அடையாளமும், எங்கள் அமைப்பின் பெயரும் எங்கும் இருக்க வேண்டாம்.